அமோனியா லைனில் ஆயில் வடிப்பது: ஸ்பிரிங் வால்வு போட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையில், அமோனியாவில் ஓடும் குளிரூட்டும் பிளான்ட்டின் கம்ப்ரசர் ரூமைப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ரிசீவரில் (திரவ அமோனியா சேரும் தொட்டி) அடியில் தங்கிய கம்ப்ரசர் ஆயிலை வடிக்கும்போது, ஆயில் தீர்ந்து அமோனியா சீறிக்கொண்டு வந்துவிட்டது. பையன் சட்டென்று மூடிவிட்டான். பயந்து ஓடியிருந்தால்? அது சாதாரணக் கை வால்வு, திறந்தபடியே கிடந்திருக்கும்.

கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு கேட்டேன். "இத்தனை வருஷம் ஓடலையா?" என்கிறார் முதலாளி. பழைய கை வால்வை அப்படியே விட்டு, அதற்கு அடுத்து இதைப் பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? பிளான்ட்டை நிறுத்த வேண்டியிருந்ததா?

அப்புறம், காற்றில் அமோனியா 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) தாண்டினால் கேனிஸ்டர் முகமூடியை (வடிகட்டி டப்பா வைத்தது) நம்ப முடியாது, முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் செட்தான். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் கம்ப்ரசர் ரூமுக்குள்ளேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்! நீங்கள் எத்தனை செட், எங்கே வைத்திருக்கிறீர்கள்?