ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறதே, ஏன்?

தென்காசி வாசகி:

எங்கள் வீட்டு மாடிப்படியில் 9 வாட் எல்இடி பல்பு போட்டிருக்கிறோம். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். எதைத் தட்டினாலும் எரியும், அணையும். அதே ஹோல்டரில் முன்பு 60 வாட் குண்டு பல்பு இருந்தபோது ஒரு தொல்லையும் இல்லை. இப்போது அணைத்த பிறகும் இரவு முழுவதும் பல்பு மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. பகலில் தெரிவதில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், "சுற்று திறந்திருந்தால் மின்னோட்டம் பாயாது என்றுதானே பாடத்தில் இருக்கிறது? இது எந்த வழியாக வருகிறது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதே 94 வோல்ட் காட்டியது. இது மின்கசிவா? ஷாக் அடிக்குமா? மாமியார் பயந்துபோய்ப் பல்பையே கழற்றி வைக்கச் சொல்கிறார்.

ஊர்க்குருவி:

பல்பு மட்டமான சரக்கு. வேறு வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும்.

மதுரை வயர்மேன்:

பல்பின் மேல் பழி போட வேண்டாம். வேறு பல்பு போட்டால் வெளிச்சம் நின்றுபோகலாம். காரணம் அப்படியேதான் இருக்கும். அம்மா, உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

மாடிப்படி டூ வே வயரிங்கில் கீழ் ஸ்விட்சுக்கும் மேல் ஸ்விட்சுக்கும் இடையே இரண்டு வயர்கள் ஓடும். விளக்கு அணைந்திருக்கும்போது அவற்றில் ஒன்றில் பேஸ், அதாவது மின்சாரம் வரும் லைன், வந்து நிற்கும். மற்றது பல்போடு இணைந்திருக்கும். இரண்டும் ஒரே பைப்புக்குள் ஒட்டி உரசிக்கொண்டே மாடிவரை போகின்றன. இரண்டு செம்புக் கம்பிகள், நடுவில் பிவிசி உறை. மின்தேக்கி என்பது இதுதான். ஃபேனில் கண்டன்சர் மாட்டுகிறோமே, அதே பொருள்; அளவுதான் மிகச் சிறியது.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் அலைகிறது. பேஸ் வயரில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்து வயரின் எலக்ட்ரான்கள் தள்ளப்படுகின்றன, இழுக்கப்படுகின்றன. உறையைத் தாண்டி ஒரு எலக்ட்ரான்கூட வரவில்லை. ஆனாலும் அந்த வயரில் மின்னோட்டம் உண்டு. பாடத்தில் இருப்பது பேட்டரிச் சுற்றுக்கு முழுக்கச் சரி. மாறுதிசை மின்னோட்டம் ஸ்விட்ச் திறந்திருந்தாலும் இப்படி ஒரு வழி கண்டுபிடித்துவிடும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

குண்டு பல்பு இருந்த காலத்திலும் இந்த மின்னோட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டங்ஸ்டன் இழையைச் சூடாக்க அது எந்த மூலைக்கும் போதாது. எல்இடி பல்புக்குள் மாறுதிசை மின்னோட்டத்தை ஒரே திசைக்கு மாற்றும் ரெக்டிபையரும் அதையடுத்து ஒரு கண்டன்சரும் இருக்கின்றன. சொட்டுச் சொட்டாக விழும் நீர் அண்டாவில் சேர்வதுபோல் மின்னூட்டம் அதில் சேர்கிறது. உள் சர்க்யூட்டைப் பொறுத்துச் சில பல்புகள் விடாமல் மங்கலாக ஒளிரும். சில நிரம்பியதும் ஒரு முறை பளிச்சிட்டு அணைந்து, மறுபடி நிரம்பும்.

இதுவரை சொன்னதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதே மங்கல் வெளிச்சம் வேறொரு காரணத்தாலும் வரும். அதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். வயரிங் செய்தவர் ஸ்விட்சைப் பேஸில் கொடுக்காமல், மின்சாரம் திரும்பும் வயரான நியூட்ரலில் கொடுத்திருந்தாலும் பல்பு இப்படித்தான் எரியும். நியூட்ரலை வெட்டினாலும் விளக்கு அணையும். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஹோல்டரில் மட்டும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அலுமினிய ஏணியில் ஏறிப் பல்பு மாற்றுகிறவரின் விரல் ஹோல்டர் முனையில் பட்டால் என்ன ஆகும்? இதனால்தான் நான் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், கூப்பிட்ட வேலை எதுவாக இருந்தாலும், முதலில் இதைப் பார்க்கிறேன்.

இதற்கு டெஸ்டரை நம்பக் கூடாது. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு மிகச் சிறிய மின்னோட்டத்துக்கே ஒளிரும். பக்கத்து வயரால் இப்படித் தூண்டப்படும் மின்சாரத்துக்கும் எரியும், உண்மையான பேஸுக்கும் எரியும். உங்கள் மீட்டர் காட்டிய 94 வோல்ட்டும் அப்படித்தான். நல்ல டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். அது மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. அதனால் பின்னால் பலமே இல்லாத மின்னழுத்தத்தையும் அது காட்டிவிடும்.

டெஸ்ட் லாம்ப் பொய் சொல்லாது. ஹோல்டரில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். மாடிப்படிப் பல்பைக் கழற்றி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்த ஹோல்டரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்பை வைக்க வேண்டும். எரியாவிட்டால் ஸ்விட்ச் பேஸில் இருக்கிறது. எரிந்தால் வயரிங் தவறு. வீட்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் பல்பு எரிவதற்குள் அது டிரிப் ஆகிவிடும். அதுவும் அதே பதில்தான். தயவுசெய்து இதை நீங்களே செய்ய வேண்டாம். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஸ்விட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா? இருந்தால் அதன் வழியாகவும் மின்னோட்டம் பல்புக்குப் போகும்.

இயற்பியல் ஆசிரியர்:

வயர்மேன் சொன்னதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒட்டிச் செல்லும் இரண்டு வயர்களுக்கிடையே மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோபாரட் என்று கொள்வோம். வயர் 12 மீட்டர் என்றால் 1.2 நானோபாரட். 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, சுமார் 26 லட்சம் ஓம். 230 வோல்ட்டை இதனால் வகுத்தால் 87 மைக்ரோ ஆம்பியர். எல்இடி முழுதாக எரியும்போது பல பத்து மில்லி ஆம்பியர் ஓடும். அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு இது. இருட்டில் அரை மணி நேரம் இருந்தால் விழித்திரையின் கோல் செல்கள் முழு உணர்திறன் பெறுகின்றன. அப்போது இந்த வெளிச்சமே தாராளம். பகலில் தெரியாததும் அதனால்தான்.

தென்காசி வாசகி:

மிக்க நன்றி அண்ணா, நன்றி ஐயா. கணக்கை மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் ஸ்விட்சில் இண்டிகேட்டர் கிடையாது. வயர்மேனை வரவழைத்துப் பார்த்தோம். மாடிப்படியில் ஸ்விட்ச் பேஸில்தான் இருக்கிறது. வந்ததுதான் வந்தார் என்று எல்லா விளக்குகளையும் பார்க்கச் சொன்னேன். வாசல் விளக்கில் டெஸ்ட் லாம்பை வைத்தவுடன் ஆர்சிசிபி விழுந்துவிட்டது. போர்டைத் திறந்தால், ஸ்விட்சுக்கு வந்திருந்தது கறுப்பு வயர், அதாவது நியூட்ரல்! மழைச்சாரல் அடிக்கும் இடம் அது. அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். இனி மாடிப்படி வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடலாமா?

மதுரை வயர்மேன்:

எல்லா விளக்கையும் பார்க்கச் சொன்னீர்களே, அதைக் கேட்டு மனம் நிறைந்தது அம்மா.

மாடிப்படி வெளிச்சத்தை அப்படியே விடலாம். கரண்ட் பில்லில் தெரியாது. கண்ணை உறுத்தினால் 0.1 மைக்ரோபாரட், 275 வோல்ட் ஏசி என்று போட்ட, மெயின் லைனுக்கென்றே செய்த எக்ஸ்2 வகைக் கண்டன்சர் ஒன்றை ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பொருத்தச் சொல்லுங்கள். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 32,000 ஓம். ஆசிரியர் சொன்ன 87 மைக்ரோ ஆம்பியர் அதன் வழியே போனால் பல்பின் முனைகளில் 3 வோல்ட்கூட நிற்காது. பல்பு ஒளிர வழியில்லை. எக்ஸ்2 என்ற எழுத்து கண்டன்சரின் மேலேயே அச்சாகியிருக்கும், பார்த்து வாங்குங்கள். ரேடியோ கடையில் கிடைக்கும் சாதாரண டிசி கண்டன்சரை மெயின் லைனில் போட்டால் வெடித்துவிடும்.