மிட்மார் அணைப் பக்கம் ஒரு நாள்: போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்
டர்பன் உறவுகளுக்கு வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹாவிக் பக்கம், மிட்மார் அணைப் பூங்காவுக்குப் போகலாமென்று இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். முழங்கால் வலி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்றுதான் அடுத்த படிக்கு இறங்குவார். கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே மரநிழலும் கழிப்பறையும் உள்ள இடம் எது?

95 மீட்டர் ஹாவிக் அருவியை மேலே இருந்தே பார்த்துவிடலாம், அது கவலையில்லை. 1962-இல் மண்டேலாவைக் கைதுசெய்த இடத்தில் 50 இரும்புத் தூண்கள் சேர்ந்து அவர் முகமாகத் தெரியுமே, அதை அம்மாவுக்குக் காட்ட ரொம்ப ஆசை. அந்தப் பாதையில் சக்கர நாற்காலி தள்ள முடியுமா?

புளியோதரை கட்டிக்கொண்டு வருவோம். ஆனாலும் பிள்ளைகள் கறி சுட வேண்டுமென்கிறார்கள். பூங்காவிலேயே அடுப்பு இருக்குமா, நாங்களே கொண்டுபோக வேண்டுமா?