25 அடி தென்னையில் ஜாதிக்காய், மிளகு, கோகோ: எதை முதலில் வைப்பது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் 2 ஏக்கர் தென்னை, 25-க்கு 25 அடி, 22 வயசு மரம், ஒரே போர்வெல். தேங்காய் விலையை மட்டும் நம்பி இனி ஓட்ட முடியாது. ஜாதிக்காய், மிளகு, கோகோ, வாழை எல்லாம் கலந்து வைக்கலாமா? காய்ப்பு குறையுமா? வேலைக்கு வீட்டாள் ரெண்டு பேர்தான்.

பதில் 1: வயசு சரி. 20 தாண்டிய தோப்பில் வெயில் நல்லா கீழே இறங்கும். ஆனா கன்று வாங்கும் முன் சித்திரையில் போர் தண்ணியை அளந்துடுங்க. 200 லிட்டர் பீப்பாய் 2 நிமிஷத்துல நிரம்பினா மணிக்கு 6,000 லிட்டர். 140 மரத்துக்கும் தலா 70 லிட்டர்னா தென்னைக்கே தினம் 9,800 லிட்டர் போயிடும். மிச்சம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் ஊடுபயிர்.

காய்ப்பு குறையறது பெரும்பாலும் பட்டினியால. ஒரு தென்னைக்கு வருஷம் 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், ரெண்டு தவணையா. ஊடுபயிர் உரம் இதுக்கு மேல தனி. தென்னை உரத்தையே பங்கு போட்டா ரெண்டும் கெடும்.

பதில் 2: கோகோவை விட்டுடுங்க சார். 10-15 நாளுக்கு ஒருமுறை பழம் பறிக்கணும், தண்டுல வர்ற போத்தை ஓயாம கிள்ளணும். ரெண்டு பேருக்குத் தாங்காது. தென்னையில குருத்தழுகல் கொண்டுவர்ற பைட்டோப்தோரா பூசணம்தான் கோகோ காயையும் கருக்கும்.

நாலு தென்னைக்கு நடுவில ஒரு ஜாதிக்காய். விதைக்கன்று வேண்டாம், ஆணா பெண்ணான்னு பூக்கிற வரை தெரியாது, அதுக்கே 6-7 வருஷம். ஒட்டுக்கன்றுலயும் நேர்க்குருத்துல கட்டினதான்னு கேளுங்க. பக்கக்கிளையில கட்டினது நிமிராம தரையோட படரும். 10 பெண்ணுக்கு ஒரு ஆண். முதல் ரெண்டு வருஷ நிழலுக்கு வாழை போதும்.

மரம் ஏறி காய் பறிக்கிற தோப்புன்னா தென்னையில மிளகு ஏத்தாதீங்க, கொடி நாசமாகும். வரப்போர கிளைரிசிடியாவுல (தழை உர மரம்) ஏத்துங்க. கழிக்கிற தழை தென்னை பாத்திக்கு உரம்.

கேள்வி கேட்டவர்: தொரட்டிதான் சார், ஏறுறதில்லை. மிளகு வாடல் வராம இருக்க?

பதில் 3: அப்போ தென்னையிலேயே ஏத்தலாம். தண்டிலிருந்து 3-4 அடி தள்ளி, வடகிழக்கில் நட்டு, தண்டுல ஒரு குச்சி சாய்த்து கொடியை ஏத்துங்க. பாத்தி குழியா இருந்தா தண்ணி தேங்கி வாடல் உறுதி. அடி கொஞ்சம் மேடாகவே இருக்கட்டும்.

தென்மேற்கு மழைக்கு முன் 1% போர்டோ கலவை (பூசண மருந்து) அடிங்க. பிளாஸ்டிக் பீப்பாயில் 50 லிட்டர் தண்ணியில 1 கிலோ மயில்துத்தம், இன்னொன்றில் 50 லிட்டருக்கு 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. துத்தத் தண்ணியைத்தான் சுண்ணாம்பில் ஊத்தணும், மாத்தி ஊத்தினா திரிஞ்சுடும். சாணை பிடிச்ச கத்தியை முக்கிப் பாருங்க. செம்பு நிறம் ஏறினா இலை கருகும், சுண்ணாம்பு கூட்டுங்க. அன்னிக்கே அடிச்சு முடிக்கணும்.

கீழ்ப்பயிர் இலை கருப்பா மை பூசின மாதிரி ஆனா அது வாடல் இல்லை, தென்னை ஓலையடி வெள்ளை ஈ விடுற தேன் போன்ற கழிவு மேல படியிற பூசணம். அதுக்குக் கடும் மருந்து அடிச்சா ஈயைத் தின்கிற என்கார்சியா குளவியும் சாகும். ஓலை அடிப்பக்கம் வேகமா தண்ணி பீய்ச்சுங்க.




பதில் 1: முதல் வருஷம் அரை ஏக்கர் மட்டும் நடுங்க. அடுத்த கோடை தாண்டினா மீதி.