ஷாங்காயில் காட்டிய குட்டி வண்டி எங்கே போனது?

மின்னோடி:
2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸும் சீனாவின் எஸ்ஏஐசி கார் நிறுவனமும் சேர்ந்து இஎன்-வி என்றொரு வண்டியைக் காட்டினார்கள். இரண்டு பேர் உட்காரலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சக்கரம், நின்றபடி ஓட்டும் செக்வே இருசக்கர வண்டியின் சமநிலை நுட்பம். நீளம் ஒன்றரை மீட்டர், எடை சுமார் 500 கிலோ, ஒரு சார்ஜில் 40 கி.மீ. தானே ஓடும், தானே போய் நின்றுகொள்ளும், மற்ற வண்டிகளோடு வயர்லெஸ்ஸில் பேசும் என்றார்கள். 2030-ல் நகரம் இப்படித்தான் இருக்கும் என்பதே அந்த அரங்கின் கரு. 2030 இதோ நெருங்கிவிட்டது, வண்டியைத்தான் காணோம். என் கட்சி இதுதான்: யோசனை சரி, கைவிட்டது தப்பு. ஒரு ஆள் ஆபீஸ் போக ஒன்றரை டன் இரும்பு எதற்கு?

பஸ்பாஸ்:
யோசனையே தப்பு சார். வண்டியின் நீளத்தை மட்டும் பார்க்கிறீர்கள். 40 கி.மீ. வேகத்தில் முன் வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி விட்டால் அதுவே 22 மீட்டர். நாலரை மீட்டர் கார் கிட்டத்தட்ட 27 மீட்டர் சாலையை எடுத்துக்கொள்கிறது, உங்கள் குட்டி வண்டி 24. மிச்சம் மூன்றே மீட்டர். அதே கணக்கில் 12 மீட்டர் பஸ்ஸுக்கு 34 மீட்டர் போகும், உள்ளே ஐம்பது பேர்.

மின்னோடி:
வண்டிகள் ஒன்றோடொன்று பேசுவது அந்த இடைவெளியைக் குறைக்கத்தானே? அப்புறம், கார் நாளில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. ஒரு கார் நிற்கும் இடத்தில் இவை மூன்று நிற்கும்.

பஸ்பாஸ்:
சாலையில் இருக்கிற அத்தனையும் பேசினால்தான் இடைவெளி குறையும். சைக்கிள் பேசுமா, குறுக்கே ஓடும் நாய் பேசுமா? நிற்பதைச் சொன்னீர்கள், காலியாக ஓடுவதைச் சொல்லவில்லை. உங்களை இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்ற அது ஆளில்லாமல் போகும். அந்த நேரத்தில் சாலையை அடைத்துக்கொண்டு ஓடுவது வெறும் சீட்.

கடைசிபெஞ்ச்:
ஒரு சின்ன சந்தேகம். இரண்டு சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு நடுரோட்டில் கரன்ட் போனால் மூக்கு குத்துமா?

சர்க்யூட்:
சிரிக்கலாம், ஆனால் பின்னால் வந்த இஎன்-வி 2.0-க்கு நான்கு சக்கரம் வைத்துவிட்டார்கள்.

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குட்டித் தானியங்கி வண்டி ஓடவே ஓடாது என்பதில்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஐந்தாம் முனையத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே 2011-ல் 21 பாட் வண்டிகளை விட்டார்கள், சேர்ந்து வருகிறவர்களுக்கு ஒரு தனி வண்டி. ஓடியதற்குக் காரணம், அவற்றுக்கென்றே போட்ட சுமார் 4 கி.மீ. பாதை. லாரி, சைக்கிள், பாதசாரி யாரும் அதில் இல்லை.

பொதுச் சாலைக்கு வந்தால் கதை வேறு. 2014-ல் கூகுள் காட்டிய இரண்டு சீட் வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 மைல். 2015 நவம்பரில் மவுன்டன் வியூவில், 35 மைல் வேகச் சாலையில் 24-ல் போய்ப் பின்னால் வண்டிகளைத் தேக்கியதால் போலீஸ் நிறுத்தியது. அபராதம் இல்லை. 2017-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கூகுளின் தானியங்கி வண்டிப் பிரிவிலிருந்து பிறந்த வேமோ நிறுவனம் கிறைஸ்லர் பசிஃபிகா என்ற பெரிய வேனில் கவனத்தைத் திருப்பியது. அடுத்து வந்தது ஜாகுவார் கார்.

மின்னோடி:
அதே குட்டி வண்டியில்தான் 2015-ல் ஆஸ்டின் நகரில் பார்வையற்ற ஸ்டீவ் மாஹன் தனியாக ஏறிப் போனார். ஸ்டியரிங் கிடையாது, கூட ஆளும் கிடையாது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

சர்க்யூட்:
பெரிய கணக்கில்தான். ஆனால் அவருக்கு வேண்டியது ஓட்டுநர் தேவைப்படாத வண்டி. அது குட்டியாகவும் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதுதான் சிக்கல். லேசரால் தூரம் அளக்கும் லைடார், கேமரா, கணினி எல்லாம் வண்டி சின்னது என்பதற்காக மலிவாகிவிடாது. நாள் முழுக்க நாலு பேரை ஏற்றிச் சம்பாதிக்கும் டாக்சி அந்தச் செலவைத் தாங்கும். ஒருவர் சொந்தமாக வாங்கும் மலிவு வண்டி தாங்காது.

சீனாவிலேயே பாருங்கள். 2020-ல் எஸ்ஏஐசி, ஜெனரல் மோட்டார்ஸ், வூலிங் மூவரின் கூட்டு நிறுவனம் ஹோங்குவாங் மினி மின்காரை விட்டது. நீளம் மூன்று மீட்டருக்குள், ஆரம்ப விலை 28,800 யுவான். விற்றுத் தள்ளினார்கள். இஎன்-வி காட்டிய அதே கைகள், ஆனால் இதற்கு ஸ்டியரிங் உண்டு, ஓட்ட ஆள் வேண்டும். குட்டி ஒரு பக்கம் போனது, தானியங்கி இன்னொரு பக்கம் போனது.

மின்னோடி:
லைடார் விலை இறங்கிக்கொண்டே வருகிறது, அந்தக் கணக்கு நிலையானதல்ல. அமேசானின் தானியங்கி டாக்சி ஸூக்ஸைப் பாருங்கள்: ஸ்டியரிங் இல்லை, நீளம் சுமார் 3.6 மீட்டர். 2025 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் பொதுமக்களை ஏற்றத் தொடங்கிவிட்டது.

பஸ்பாஸ்:
அதில் எதிரெதிரே நாலு சீட். இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள், என் பஸ் வந்துவிடும்.

மின்னோடி:
நீட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ராத்திரி பதினொன்றரைக்கு அது என் தெருவுக்குள் வருமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பஸ்பாஸ்:
வராது. அந்த நேரத்துக்கு, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை மட்டும் உங்கள் வண்டி ஓடட்டும், ஆட்சேபமில்லை. காலை ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டில் விடாதீர்கள்.

கடைசிபெஞ்ச்:
காலை ஒன்பது மணிக்கு உங்கள் பஸ்ஸில் ஏற இடம் இருக்கிறதா அண்ணே?