புதுப்பிப்பு: மகனின் பள்ளியில் பெற்றோர் பயிற்சி, 10 வாரம் முடிந்தது

இரண்டரை மாதம் முன்பு எழுதியிருந்தேன்: ஆறு வயது மகன் வகுப்பில் பிள்ளைகளை அடிக்கிறான், பள்ளிக் கவுன்சிலர் அவனை விட்டுவிட்டு என்னைப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார், போகலாமா என்று. போனேன். நேற்று கடைசி அமர்வு.

அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். 1960களில் அமெரிக்காவில் பெர்னார்ட் கர்னி, லூயிஸ் கர்னி தம்பதி உருவாக்கிய முறையின் சுருக்கமான வடிவம் இது. பெற்றோரே விளையாட்டு வழியாகச் சிகிச்சை தருகிறோம். வாரம் ஒருமுறை 30 நிமிடம், அதே இடம், அதற்கென்றே ஒரு பெட்டி நிறையப் பொம்மைகள். விளையாட்டை அவன்தான் நடத்துவான். நான் கற்றுக்கொடுக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. அவன் செய்வதையும் அவன் மனசில் இருப்பதையும் சொன்னால் போதும். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், எல்லை போடும் விதம். “உனக்குக் கோபம் வந்திருக்கு. ஆனா அம்மாவை அடிக்கக் கூடாது. இந்தத் தலையணையை அடிக்கலாம்.” முதலில் உணர்வு, பிறகு எல்லை, பிறகு மாற்று வழி. ஏழாவது வாரம் ஓங்கிய கையை இறக்கிவிட்டு அவனே தலையணையைத் தேடிப் போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பள்ளியில் சண்டை நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. அடுத்த குழுவில் அவன் அப்பா சேர்கிறார்.