டெப் பொதியை உடைக்கும்போது சிக்கியவை: அனுபவங்களைப் போடுங்கள்

லாஸ்பேட்டை:
டெபியன் லினக்ஸில் மென்பொருளை நிறுவும் கோப்புதான் டெப் பொதி. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றின் பொதியை நிரல் தனி, விசைப்பலகைத் தரவு தனி என்று பிரித்தோம். தரவுப் பொதி சரியாக வந்தது; பழைய பொதி காலி! பொதிகளின் பெயரும் விவரமும் எழுதும் கண்ட்ரோல் கோப்பில் ஒரே பொதி இருக்கும்வரை, பொதி கட்டும் கருவியான டெப்ஹெல்ப்பர் எல்லாவற்றையும் நேராக அந்தப் பொதியின் அடைவிலேயே நிறுவிவிடும். இரண்டாவது பெயரைச் சேர்த்ததுமே அத்தனையும் டெபியன்/டிஎம்பி அடைவுக்குப் போய்விடும். அங்கிருந்து எது எங்கே போக வேண்டும் என்று இரண்டு பொதிக்கும் இன்ஸ்டால் கோப்பு எழுதியாக வேண்டும். டெப்ஹெல்ப்பரின் நடத்தை நிலையான காம்பேட் 12இல், எந்தப் பொதியிலும் சேராமல் விடுபட்டதைப் பட்டியல் மட்டும் போடும். 13இல் பில்டே நின்றுவிடும். 13ஐயே வையுங்கள்.

கடலூர் முதுநகர்:
தோழர், பில்டு தாண்டினாலும் அப்கிரேடில்தான் பெரிய அடி. பள்ளி லேபில் பழைய 2.4-2 இருக்கிறது. 2.4-3இல் பிரித்த தரவுப் பொதி முதலில் விரிந்தால், அதே கோப்பு பழைய பொதியிலும் இருப்பதாகச் சொல்லி பொதியை நிறுவும் டிபிகேஜி நின்றுவிடும். மேலெழுதக் கட்டாயப்படுத்தும் ஃபோர்ஸ் ஓவர்ரைட் போட்டுத் தள்ளாதீர்கள். புதிய பொதியில் பிரேக்ஸ் (பழையதோடு சேர்ந்து இயங்காது), ரிப்ளேசஸ் (அதன் கோப்புகளை மாற்றலாம்) என்ற இரண்டு புலங்களிலும் பழைய பொதியின் பெயரை (<< 2.4-3~), அதாவது அதற்கு முந்தைய பதிப்புகள், என்று எழுதுங்கள். ரிப்ளேசஸ் மட்டும் இருந்தால், பழைய பொதி அப்படியே இருக்க, பிறகு புதியதை நீக்கும்போது அந்தக் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். கடைசியில் உள்ள அலைக்குறியை விட்டுவிடாதீர்கள்: பழைய டெபியன் வெளியீட்டுக்காகக் கட்டிய பேக்போர்ட் பதிப்பு 2.4-3ஐவிடக் கீழே நிற்கும், குறி இல்லையென்றால் அதையும் பழையதாகவே எண்ணிவிடும்.

அரியாங்குப்பம்:
எவ்வளவு உடைப்பது என்பதையும் பேசுவோம். லிப்ரே ஆபிசின் தமிழ் இடைமுகம் தனிப் பொதியாக இருப்பது அருமையான பிரிப்பு, வேண்டியவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம். யாரும் தனியாக நிறுவப்போகாத நான்கு ஐகானுக்குப் பொதி எதற்கு? ஒவ்வொரு பெயரும் களஞ்சியத்தின் பேக்கேஜஸ் பட்டியலில் ஒரு பத்தி. பட்டியலைப் புதுப்பிக்க ஆப்ட் அப்டேட் போடுகிற எல்லோரும் அதை இறக்கியாக வேண்டும். மூலப் பொதி பழையதே ஆனாலும், அதிலிருந்து கட்டும் புதிய பைனரி பொதியின் பெயர் டெபியனின் நியூ என்ற பரிசீலனை வரிசையில் மறுபடி காத்திருக்கும்.

இன்னொன்று: எல்லாக் கணினி வகைக்கும் பொதுவான, ஆர்க்கிடெக்சர் ஆல் என்ற தரவுப் பொதி, நிரல் பொதியின் பைனரி பதிப்பைச் சமக்குறி போட்டுச் சார்ந்திருக்கக் கூடாது. நிரலை மட்டும் மறுபில்டு செய்தால் அதன் பதிப்பில் +பி1 ஒட்டிக்கொள்ளும், தரவுப் பொதியோ பழைய எண்ணிலேயே நிற்கும். அப்புறம் நிறுவவே முடியாது.

லாஸ்பேட்டை:
புதிதாக நிறுவிப் பார்த்தால் இதெல்லாம் தெரியவே தெரியாது. சிரூட்டில் (தனியாக ஒதுக்கிய சோதனைச் சூழல்) பழைய பதிப்பைப் போட்டு, அங்கிருந்து அப்கிரேடு செய்து பாருங்கள். பொதி சோதிக்கும் கருவியான பியூபார்ட்ஸ் இதைத் தானாகவே செய்யும்.