விட்ரினைட் ரிஃப்ளெக்டன்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பாறை எவ்வளவு சூடு கண்டது என்று அறிய எண்ணெய் தேடுபவர்கள் பார்க்கும் அளவு விட்ரினைட் ரிஃப்ளெக்டன்ஸ். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைச் சேர்த்து வைத்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். "நிலக்கரிப் பளபளப்பு", "கண்ணாடிக்கரி எதிரொளிர்வு", "எண்ணெய் எதிரொளிப்பு எண்". மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்வதற்கு முன், அந்த அளவீடு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சொல் அங்கிருந்துதான் வரவேண்டும்.

நுண்ணிய சேறும், அதில் சிக்கிய பாசி, மகரந்தம், இலை, கட்டைத் துணுக்கு எல்லாமும் சேர்ந்து புதைந்து பாறையாகின்றன. அதுதான் மூலப்பாறை. ஆழம் கூடினால் சூடும் கூடும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலிருந்து அந்த உயிர்ப்பொருள் உடைந்து எண்ணெய் தரத் தொடங்கும். 120, 150 என்று ஏறிய பிறகு பெரும்பாலும் வாயுதான். ஆக, எண்ணெய் தேடுபவருக்கு முதலில் தெரியவேண்டியது, இந்தப் பாறை எவ்வளவு சூட்டை எவ்வளவு காலம் தாங்கியது என்பது. ஆழ்துளைக்குள் வெப்பமானியை இறக்கினால் இன்றைய சூடுதான் தெரியும். இன்று மேலே கிடக்கும் பாறை பத்துக் கோடி ஆண்டுக்கு முன் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்திருக்கலாம். அந்தப் பழைய சூட்டை யார் சொல்வது? காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி, ஏறிய இடத்திலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும். இங்கே நமக்கு வேண்டியது உதறினாலும் இறங்காத ஒன்று.

பாறைக்குள் கிடக்கும் அந்தக் கட்டைத் துணுக்குதான் அது. அதன் பெயர்தான் விட்ரினைட். சூடு ஏற ஏற அதிலுள்ள ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கழன்றுபோகின்றன. மிஞ்சும் கார்பன் வளையங்கள் பெருத்து, தாள் அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்குபடுகின்றன. அதனால் மேலே விழும் ஒளியை அது கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. பாறை மறுபடி மேலே வந்து குளிர்ந்தாலும் கழன்ற ஹைட்ரஜன் திரும்பி வந்து ஒட்டாது.

அளக்கும் முறை இதுதான். பாறையை நொறுக்கி, பிசினில் பதித்து, கீறல் இல்லாமல் மெருகேற்றி, மேலே ஒரு துளி எண்ணெய் விட்டு, நுண்ணோக்கி வழியாக 546 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பாய்ச்சுவார்கள். பாய்ந்ததில் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்பதே விடை. பழுப்பு நிலக்கரியில் அது 0.4க்கும் கீழே. எண்ணெய் தொடங்குவது 0.5, 0.6 வாக்கில், முடிவது 1.3 வாக்கில். 2ஐத் தாண்டினால் உலர்வாயு (பெரும்பாலும் மீத்தேன்) மட்டும். பாறையில் கிடப்பது பாசியா கட்டையா என்பதைப் பொறுத்து இந்த எல்லைகள் கொஞ்சம் முன்பின் நகரும். ஆனாலும் ஏணி இதுதான்.

இனி சொல்லுக்கு வருவோம்.

"பளபளப்பு" என்பது கண் சொல்லும் சாட்சி. கனிமங்களை அடையாளம் காண உலோகப் பளபளப்பு, மெழுகுப் பளபளப்பு என்று நாம் எழுதுவது அந்தப் பொருளில்தான். இங்கே நடப்பது அளவீடு. மேலும், நூறு பங்கு ஒளியில் ஒரு பங்கு திரும்பி வருவதைப் பளபளப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முன்னால் ஒட்டிய "நிலக்கரி"யும் பிசகு. மூலப்பாறையில் நிலக்கரி அடுக்கு இருக்கவேண்டும் என்பதே இல்லை. களிப்பாறைக்குள் தூளாகச் சிதறிக் கிடக்கும் துணுக்குகளைத்தான் தேடிப் பிடித்து அளக்கிறார்கள். நிலக்கரியில் 100 இடங்களில் அளப்பது வழக்கம். மூலப்பாறையில் நல்ல துணுக்கு 20 அகப்பட்டாலே நிம்மதி.

"எதிரொளிர்வு" அழகான சொல். ஆனால் ஒளிர்வது என்றால் தானாக ஒளி விடுவது. இதே நுண்ணோக்கியின் கீழே நீல ஒளியைப் பாய்ச்சினால் மகரந்தமும் பாசியும் உண்மையிலேயே ஒளிரும். முதலில் பசுமை கலந்த மஞ்சள், பாறை சூட்டில் முதிர முதிர ஆரஞ்சு, பிறகு சிவப்பு, கடைசியில் அணைந்துவிடும். அதையும் முதிர்ச்சிக்கு அளவாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று ஏறும், ஒன்று அணையும். இரண்டுக்கும் ஒளிர்வு என்று பெயர் வைத்தால் மாணவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

மிச்சம் இருப்பவை தமிழ்நாட்டுப் பாடநூலின் எதிரொளிப்பும் இலங்கைப் பாடநூலின் தெறிப்பும். தெறிப்பு சிக்கனமானது, எனக்குப் பிடிக்கும். இன்றைய பேச்சில் "தெறிக்குது" என்றால் வேறு பொருள் என்பது அதன் குற்றமில்லை. ஆனால் இரண்டுமே நிகழ்வின் பெயர்கள். நமக்கு வேண்டியது அளவின் பெயர். "எதிரொளிப்புத் திறன்" என்று ஒருவர் சொன்னார். திறன் என்ற சொல் இயற்பியலில் ஏற்கெனவே ஆற்றல் செலவாகும் வேகத்துக்குப் போய்விட்டது. சதவீதத்தில் சொல்லப்படும் ஒன்றுக்கு வீதம்தானே இயல்பு? "எதிரொளி வீதம்" என்று வைக்கலாம். தெறிப்பு பழகியவர்கள் "தெறிவீதம்" என்று எழுதட்டும். வீதம் இரண்டு பக்கமும் புரியும். உறிஞ்சப்படும் ஒளிக்கு உட்கவர் வீதம், ஊடுருவும் ஒளிக்கு ஊடொளி வீதம் என்று உறவுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

"எண்ணெய் எதிரொளிப்பு எண்" என்பதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. நானே அதில் விழுந்தவன். இந்த அளவின் குறியீட்டில் ஆர் என்ற எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு ஓ இருக்கும். முதலில் அதைச் சுழியம் என்று நினைத்து, "தொடக்க எதிரொளிப்பு" என்று ஒரு கட்டுரையில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன். பிறகு எண்ணெய் என்று தெரிந்ததும், பாறையில் பிறக்கும் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் தப்பு! துணுக்கின் மேல் விடும் அந்த ஒரு துளி எண்ணெய்தான் அது. ஒளிவிலகல் எண் 1.518.

எண்ணெய் எதற்கு? ஒரு சின்னக் கணக்கு. ஒளியை உறிஞ்சுவதைக் கணக்கில் எடுக்காமல், ஒரு துணுக்கின் ஒளிவிலகல் எண் 1.7, இன்னொன்றுக்கு 1.8 என்று கொள்வோம். காற்றில் அளந்தால் 6.7 சதவீதமும் 8.2 சதவீதமும் வரும். எண்ணெயில் அளந்தால் 0.32, 0.72. காற்றில் கால் பங்குகூடக் கூடாத வேறுபாடு எண்ணெயில் இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது. எனவே எண்ணெய் வரையறையில் இருந்தால் போதும், பெயரில் வேண்டாம்.

விட்ரினைட்டுக்கு வருகிறேன். இலத்தீனில் விட்ரம் என்றால் கண்ணாடி. நிலக்கரியில் வெறும் கண்ணுக்குக் கண்ணாடிபோல மின்னும் பட்டைக்கு 1919இல் மேரி ஸ்டோப்ஸ் விட்ரெய்ன் என்று பெயரிட்டார். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போராடிய அதே ஸ்டோப்ஸ்தான். அடிப்படையில் அவர் தொல்தாவரவியலாளர். நுண்ணோக்கியில் தெரியும் கூறுகளுக்கு 1935இல் மினரலுக்கு எதுகையாக மாசரல் என்ற பொதுப்பெயரைக் கொண்டுவந்ததும் அவர்தான். தமிழில் அந்த எதுகை தானாகவே அமைந்திருக்கும்: கனிமம், கரிமம். என்ன செய்வது, கரிமத்தைக் கார்பன் முந்திக்கொண்டுவிட்டது. மாசரலுக்குக் "கரிக்கூறு" என்று சொல்லிச் சமாதானம் ஆகவேண்டியதுதான்.

கண்ணாடி என்ற பெயர் வெறும் கண்ணுக்குச் சரி. நுண்ணோக்கியில் பார்த்தால் மகரந்தக் கூறு கறுப்பாக, தீயில் கருகிய கூறு வெள்ளையாக, நம்முடைய ஆள் நடுவில் சாதுவாகச் சாம்பல் நிறத்தில் இருப்பார். ஆகவே தோற்றத்தை விட்டுவிட்டுப் பிறப்பைப் பார்த்தேன். இது மரத்திசு. மரத்தின் கெட்டியான உட்பகுதிக்குத் தமிழில் வைரம் என்று பெயர். வைரம் பாய்ந்த கட்டை என்கிறோம். அருமையான சொல், ஆனால் வைரக்கல்லோடு மோதும். அதுவும் இந்தக் கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் படித்தரக் கற்களில் 0.59 சதவீத நீலக்கல் ஒரு முனை என்றால், 5க்குச் சற்று மேலே நிற்கும் வைரக்கல் மறுமுனை. ஒரே அறிக்கையில் இரண்டு வைரம் தாங்காது. வைரத்துக்குப் பழைய பெயர் காழ். அகக்காழ் உடையது மரம், புறக்காழ் உடையது புல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறதே, அந்தக் காழ். விட்ரினைட்டைக் "காழ்மம்" என்கிறேன். முழுச்சொல்: காழ்ம எதிரொளி வீதம்.

பாறை சூட்டில் எவ்வளவு முதிர்ந்தது என்பதைச் சொல்லும் தெர்மல் மெச்சூரிட்டிக்கு "வெப்ப முதிர்ச்சி" ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதைத் தொடவேண்டாம். முதிரா, முதிர்ந்த, மீமுதிர் என்று மூன்று நிலைக்கும் வசதியாக வருகிறது. ஆனால் ஆசைக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் துறையில் பாறை வெந்துவிட்டது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். எண்ணெய் பிறக்கும் ஆழமான பகுதிக்கு அடுக்களை என்றே பெயர். சூடும் நேரமும் சேர்ந்த விளைவுக்கு நம்மிடம் வேக்காடு என்று அச்சொட்டான சொல் இருக்கிறது. 0.5ஐத் தொடாத பாறையை அரைவேக்காடு என்று எழுத எவ்வளவு நன்றாக இருக்கும்! அறிக்கையில் வேண்டாம், பேச்சில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.

*

மீண்டும் வணக்கம்.

"காழ் என்றதும் காழ்ப்புணர்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. பேசாமல் விட்ரினைட் என்றே எழுதினால் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள், ஐயா. காழ்ப்பும் இதே காழில் பிறந்ததுதான். மனதுக்குள் வைரம் பாய்ந்த பகை. சொல் கெட்டுப்போகவில்லை, ஒரு கிளை மட்டும் இன்று புழக்கத்தில் இருக்கிறது.

விட்ரினைட் என்று எழுதுவதில் எனக்குத் தகராறு இல்லை. குறியீடும் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 50 கோடி ஆண்டு பழமையான கேம்பிரியன் களிப்பாறை ஒன்றைக் கொடுத்து இதன் விட்ரினைட் அளவு என்ன என்று கேட்டால், மாணவர் நேராக நுண்ணோக்கிக்குப் போய்த் தேடுவார். காழ்மம் எவ்வளவு என்று கேட்டால், மரமே இல்லாத காலத்தில் காழ் ஏது என்று திருப்பிக் கேட்பார். கட்டை உள்ள செடிகள் நிலத்தில் வந்து சுமார் 40 கோடி ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முந்திய பாறையில் கிராப்டோலைட் என்ற பழங்கடல் உயிரியின் புதைபடிவத்தையோ, இறுகிய பிட்டுமனையோ (தார் போன்ற பொருள்), கோனோடான்ட் என்ற பழங்கடல் விலங்கின் பற்களின் நிறத்தையோதான் பார்க்கவேண்டும். பெயரே எச்சரிக்கை செய்கிறது என்றால் அதை ஏன் விடவேண்டும்?

பட்டை, வேர், இலைத் திசுவும் விட்ரினைட் ஆகுமே என்ற இரண்டாவது கேள்வி நியாயமானது. காழ் என்பதை இங்கே வைரத்தோடு நிறுத்தாமல், லிக்னின் ஏறிக் கெட்டிப்பட்ட திசு முதலானவை என்று வரையறையில் விரித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி இல்லாத ஒன்றைக் கண்ணாடி என்பதைவிட இது சின்ன நீட்டல்தான்.

சொற்கள் வாக்கியத்தில் நடக்கின்றனவா என்று பார்க்க ஒரு கற்பனை அறிக்கை எழுதிப் பார்த்தேன்:

"மாதிரியில் 34 இடங்களில் அளந்த காழ்ம எதிரொளி வீதத்தின் சராசரி 0.82. இது திசைபாரா அளவு. 0.45 அருகே தெரியும் தனிக்கூட்டம், துளையின் மேற்பகுதியிலிருந்து உதிர்ந்து கலந்த துணுக்குகள் எனக் கருதி நீக்கப்பட்டது. 1.4க்கு மேலுள்ள சில அளவுகள், பழைய பாறையிலிருந்து அரித்து வந்து மீள்படிந்த காழ்மம். பாறை முதிர்ந்தது, எண்ணெய் நிலையில் உள்ளது."

எனக்கு இடறவில்லை. "திசைபாரா" மட்டும் புதிது. நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றிப் பெரும மதிப்பைத் தேடாமல், துணுக்கு எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அளப்பதற்கு வைத்தேன். "சமவாய்ப்பு" என்று எழுதினால் புள்ளியியல் ஆகிவிடுகிறது.

ஹைட்ரஜன் மிகுந்த பாறைகளில் எதிரொளி வீதம் உண்மையான முதிர்ச்சியைவிடக் குறைத்துக் காட்டுகிறது அல்லவா, அதைத் "தணிந்த வீதம்" என்று சொல்லலாமா? அடக்கம், ஒடுக்கம் இரண்டும் யாரோ செய்வதுபோலத் தொனிக்கின்றன.

மகரந்தம், பாசி வகைக் கூறான லிப்டினைட்டுக்குக் "கொழுமம்" என்று நேற்று வந்த பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கருகிய கூறான இனெர்டினைட்டுக்குத்தான் மூன்று நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன். மந்த வாயுவைப் பார்த்து "மந்தமம்" என்றால் நாக்கில் ஒட்டவில்லை. பெரும்பகுதி காட்டுத்தீயில் கருகியது என்பதால் "தீய்மம்" என்று எழுதினேன். வீட்டில் படித்தவர் தீமை பற்றிய கட்டுரையா என்று கேட்டார். "கருகுமம்" என்று எழுதிப் பார்த்தேன். ஓர் எழுத்து விட்டுப்போனால் கருமம். யாரிடமாவது வேறு ஏதாவது இருக்கிறதா?